கௌரம்மாவுக்குக் குளிர்கிறது

ஓசூர்
9 ஜூன் 2024

அன்பு மேகலாவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே உன் அம்மா, அண்ணன், நான் மூவரும் சுகம். அத்தையின் முழங்கால் வலி மழை வந்தால் ஏறுகிறது, வெயில் வந்தால் இறங்குகிறது. நீ எப்படி இருக்கிறாய்? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

போனில் பேசாமல் ஏன் ஈமெயில் என்று நினைப்பாய். நான் "மேகலா" என்று ஆரம்பிப்பதற்குள் அத்தை போனை வாங்கி, "இன்னா கொழம்பு வெச்ச?" என்று கேட்டுவிடுகிறார். அரை மணி நேரம் குழம்பிலேயே போய்விடுகிறது. எனக்கோ உன்னிடம் மட்டும் சொல்ல ஒரு சமாசாரம் இருக்கிறது. நீயும் நர்ஸ். உனக்குத்தான் புரியும்.

எங்கள் நர்சிங் கல்லூரியில் சிமுலேஷன் லேப் என்று புதிதாக ஓர் அறை. அதில் கட்டிலில் ஒரு பொம்மை. மூச்சு விடும், நாடி துடிக்கும், பிள்ளை பெறும், ரத்தம்கூடக் கொட்டும். டீச்சர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் தட்டினால் அதற்கு உடம்பு மோசமாகும். மைக்கில் பேசினால் அது பேசுவதுபோல் கேட்கும். பிள்ளைகள் நிஜமான நோயாளியிடம் போகும் முன் இதனிடம் தப்புச் செய்து கற்றுக்கொள்ளட்டும் என்று வாங்கியது. வந்து எட்டு மாதம் ஆகிறது. பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை.

போன வாரம் ஒரு படிவம் கொடுத்தார்கள். "சிமுலேஷன் முறையில் பாடம் நடத்த நீங்கள் எந்த அளவுக்குத் தயார்?" இருபது கேள்விகள், ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். பக்கத்து நாற்காலிக்காரர் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டார். அவரைப் பார்த்து நானும் ஐந்து. பதினாறு டீச்சர்களும் முழுத் தயார்! பிரின்சிபால் மேடம் படித்துப் பார்த்துவிட்டு, "ரொம்ப சந்தோஷம். செப்டம்பருக்குள்ள ஆளுக்கு ஒரு வகுப்பு நடத்திடுங்க" என்றார். எனக்கு விழுந்தது, பிரசவத்துக்குப் பிறகு வரும் ரத்தப்போக்கு.

பொம்மையை எங்கே ஆன் செய்வது என்றே எனக்குத் தெரியாது மேகலா. இருபத்திரண்டு வருடமாகப் பாடம் நடத்துகிறேன். யாரிடம் போய்க் கேட்பது?

உன் தேர்வுத் தேதி வந்ததா? குளிரில் காதை மூடிக்கொண்டு போ.

உன் அண்ணி,
ரூபா

*

லீட்ஸ்
23 ஜூன் 2024

என் அன்பான அண்ணிக்கு,

மேகலாவின் வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். ஜூன் மாதத்தில் ஸ்வெட்டர் போட்டிருக்கிறேன். அம்மாவின் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் விடாமல் கொடுங்கள். அண்ணன் ஷிப்ட் முடிந்து நேரத்துக்குத் தூங்குகிறாரா?

உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரி சாப்பாட்டு அறையில் படித்துத் தனியாகச் சிரித்தேன். பதினாறு பேரும் முழுத் தயார்! இங்கே எனக்கும் பொம்மைதான் விதி. இந்த ஊரில் நர்ஸாகப் பதிவு செய்ய ஒரு செய்முறைத் தேர்வு உண்டு. பத்து அறைகள். சிலவற்றில் பொம்மை, சிலவற்றில் நோயாளியாக நடிக்கும் மனிதர்கள். மூன்று தடவைதான் வாய்ப்பு. பிறகு பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். எனக்கு ஆகஸ்ட் ஆறாம் தேதி. கிருஷ்ணகிரியில் ஐந்து வருடம் நிஜ நோயாளிகளையே பார்த்தவளுக்குப் பொம்மை எம்மாத்திரம் என்று தைரியமாக இருக்கிறேன்.

உங்களுக்கும் அப்படித்தானே? நீங்கள் பிரசவ வார்டிலேயே வேலை பார்த்தவர். அதை ஏன் விட்டீர்கள் என்று கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மேகலா

*

ஓசூர்
21 ஜூலை 2024

அன்புள்ள மேகலா,

இங்கே எல்லோரும் நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். அத்தை உனக்குக் கொள்ளுப்பொடி அனுப்ப ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்.

பொம்மையை ஆன் செய்துவிட்டேன்! முதுகுக்குக் கீழே ஒரு பொத்தான். அதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள். உன் அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து ரத்தம் ஓடும் பம்பைப் பொருத்திக் கொடுத்தார். சூளகிரி கம்பெனியில் அவர் செய்வதும் மெயின்டனன்ஸ் வேலைதானே. "எங்க கம்பெனில புது ஆளை நேரா மிஷின்ல விடமாட்டோம். டம்மி பீஸ்ல ஒரு மாசம் ஓட்டிட்டுத்தான் வுடுவோம். நீங்க இத்தினி நாளா மனுஷங்க மேலயே நேரா வுட்டுக்கினு இருந்தீங்களா?" என்று கேட்டார். முதல் ஓட்டத்தில் குழாய் பிடுங்கிக்கொண்டு அவர் சட்டை முழுக்கச் சிவப்புத் தண்ணீர். அத்தை அந்தச் சட்டையைப் பார்த்து ஊரைக் கூட்டப் பார்த்தார்.

அடுத்தது குரல். மைக்கில் நான்தான் நோயாளியாகப் பேச வேண்டும். "எனக்கு மயக்கமா இருக்கு சிஸ்டர்" என்று சொல்ல வாயெடுத்தால் வெட்கம் வந்துவிடுகிறது. செய்தி வாசிப்பதுபோல் வருகிறது. தரையைத் துடைத்துக்கொண்டிருந்த பாப்பம்மா நின்று கேட்டுவிட்டு, "மேடம், பெத்த பொம்பளை இப்படியா பேசுவா?" என்றார். பாப்பம்மா எங்கள் கல்லூரி ஆயா. தளிப் பக்கத்துக்காரர். கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு மைக்கைப் பிடித்து ஒரு முனகல் முனகினார் பார், ஓடிப் போய்ப் பொம்மையின் நாடியைப் பிடித்துப் பார்த்தேன்! பொம்மைக்கு கௌரம்மா என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

ஆகஸ்ட் ஆறாம் தேதி காலையில் உனக்காக விளக்கேற்றுவேன். தைரியமாகப் போய்விட்டு வா.

அன்புடன்,
ரூபா

*

லீட்ஸ்
15 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். அங்கும் நலமா?

தேர்வைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். புதுத் தேதி பிறகு சொல்வார்களாம். அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். வேலை அதிகம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். பாப்பம்மா கதை நன்றாக இருந்தது.

மேகலா

*

ஓசூர்
8 செப்டம்பர் 2024

அன்பு மேகலாவுக்கு,

இங்கே யாவரும் சுகம். நேற்று பிள்ளையார் சதுர்த்தி. தெருவுக்கு நான்கு பிள்ளையார், ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாஷையில் பாட்டுப் போடுகிறது. அத்தை கொழுக்கட்டை செய்து உன் பங்கையும் அவரே சாப்பிட்டார்.

என் வகுப்பு போன புதன்கிழமை நடந்தது. பாதியில் பொம்மை கோளாறாகி நின்றுவிட்டது. அதனால் முடிக்க முடியவில்லை. வேறொன்றும் விசேஷம் இல்லை.

உடம்பைக் கவனித்துக்கொள்.

ரூபா

*

லீட்ஸ்
20 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

ஆறு வாரமாகப் பதில் எழுதாததற்கு மன்னித்துவிடுங்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் நன்றாகத் தூங்குகிறீர்களா? உண்மையைச் சொல்லுங்கள்.

நேற்று அண்ணன் போனில் பேசினார். பொம்மை ரிப்பேர் ஆகிவிட்டதா என்று சும்மா கேட்டேன். "அதுக்கின்னா ரிப்பேரு? அன்னிக்கி சாயங்காலமே போய்ப் பாத்தேன், நல்லாத்தான் ஓடுது. உங்க அண்ணிதான் அந்த ரூம் பக்கமே போவறதில்ல" என்றார்.

என்னிடம் நீங்கள் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை அண்ணி. கோபப்படலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. ஏனென்றால் முதலில் பொய் சொன்னவள் நான்.

தேர்வைத் தள்ளி வைக்கவில்லை. எழுதினேன், தவறிவிட்டேன். பத்தில் எட்டு அறை பரவாயில்லை. மீதி இரண்டில், செய்ய வேண்டியதை எல்லாம் சரியாகச் செய்தேன், ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. பொம்மையிடம் என் பெயரைச் சொல்ல வேண்டும், தொடலாமா என்று கேட்க வேண்டும், வலிக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். எனக்கு நாக்கே எழவில்லை. நடிக்க வந்த அம்மாள், "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று கையை நீட்டினார். நான் அவருடைய கையில் பிரஷர் பட்டையைக் கட்டினேன். அவ்வளவுதான் செய்தேன்.

அந்த இரண்டு அறைகளை மட்டும் மறுபடி செய்ய வேண்டும். டிசம்பர் பத்து. இதை வேறு யாருக்கும் சொல்லவில்லை. இப்போது உங்கள் முறை.

உங்கள்,
மேகலா

*

ஓசூர்
27 அக்டோபர் 2024

என் தங்கம் மேகலாவுக்கு,

நீ முதலில் அழுவதை நிறுத்து. நீ அழவில்லை என்று எழுதினாலும் எனக்குத் தெரியும். வீட்டில் எல்லோரும் நலம். நானும் இதை எழுதி முடித்தால் நலமாகிவிடுவேன்.

அன்று நடந்தது இதுதான். உள்ளே ஹரிணி என்ற மூன்றாம் வருடப் பெண்ணும் இன்னும் மூன்று பேரும். நான் கண்ணாடிக்குப் பின்னால் கம்ப்யூட்டரில். பாப்பம்மா மைக்கில். "தலை சுத்துது" என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தேன். அதைச் சொல்லிவிட்டு, நான் எழுதித் தராத ஒன்றையும் சொன்னார்: "சளி ஆவுதம்மா... சளி, சளி."

உனக்குத் தெரியும், இந்தப் பக்கத்துக் கன்னடத்திலும் தெலுங்கிலும் அதற்குக் குளிர் என்று பொருள். ரத்தம் குறைந்தால் உடம்பு குளிரும். ஹரிணி திருவாரூர்ப் பெண். அவளுக்குச் சளி என்றால் நெஞ்சில் கட்டும் சளிதான். "இருமல் இருக்காம்மா?" என்று கேட்டு ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்தாள். போர்வைக்கு அடியில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. ஒருத்தியும் போர்வையைத் தூக்கவில்லை. என் பின்னால் மற்ற டீச்சர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து மெயின் சுவிட்சை அணைத்தேன். "மெஷின் கோளாறு, எல்லாரும் போங்க" என்றேன்.

ஹரிணி செய்த தப்பை நான் செய்திருக்கிறேன் மேகலா. 2002-இல், கிருஷ்ணகிரியில். நாமக்கல்லிலிருந்து வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. தளிப் பக்கத்து அம்மா ஒருவர், பிள்ளை பெற்று ஒரு மணி நேரம். "சளி, சளி" என்று என் கையைப் பிடித்தார். நான் தலைமாட்டை உயர்த்தி, இருமல் மருந்து எடுக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் வார்டு ஆயா போர்வையைத் தூக்கிப் பார்த்துக் கத்திவிட்டார். டாக்டர் ஓடி வந்தார். அந்த அம்மா பிழைத்தார், பத்தாம் நாள் பிள்ளையோடு வீட்டுக்குப் போனார். ஆனால் அவர் பிழைத்தது என்னால் அல்ல. இரண்டு மாதத்தில் டீச்சர் வேலை தேடிக்கொண்டேன். நைட் டியூட்டி ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். உன் அண்ணனிடமும் அதையேதான் சொன்னேன்.

கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்தும்வரை ஒரு தொந்தரவும் இல்லை. என்னை யாரும் பார்க்கவில்லை. அந்தக் கண்ணாடி அறையில் பார்த்துவிடுவார்கள் என்று பயந்தேன்.

நீ ஜெயிப்பாய். எனக்குச் சந்தேகமே இல்லை.

அண்ணி

*

லீட்ஸ்
2 நவம்பர் 2024

என் அண்ணிக்கு,

தீபாவளி நல்வாழ்த்துகள். இங்கே மழை, பட்டாசு இல்லை. ஆனால் மனசு லேசாக இருக்கிறது. உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அழுதேன், ஒப்புக்கொள்கிறேன். பிறகு நன்றாகச் சாப்பிட்டேன்.

இரண்டு விஷயங்கள். ஒன்று, எனக்கு எழுதியதை அப்படியே ஹரிணியிடம் சொல்லுங்கள். அந்தப் பெண் இந்த இரண்டு மாதமாகத் தன்னை என்னவென்று நினைத்துக்கொண்டிருப்பாள்?

இரண்டு, பாப்பம்மாவை எனக்குக் கொடுங்கள். ஞாயிறு மத்தியானம், வீடியோவில், அரை மணி நேரம். அவர் நோயாளி, நான் நர்ஸ். பேசப் பழக வேண்டும். எந்த பாஷையாக இருந்தாலும் சரி, வாய் திறந்தால் போதும்.

அம்மாவுக்கு என் முத்தம்.

மேகலா

*

ஓசூர்
24 நவம்பர் 2024

அன்பு மேகலாவுக்கு,

நீ நலமென்று எழுத வேண்டாம், போன ஞாயிறு உன் முகத்திலேயே பார்த்தேன். பாப்பம்மா நம் வீட்டு சோபாவில் படுத்து "ஐயோ சிஸ்டரம்மா" என்று கத்தியதில் எதிர் வீட்டு நல்லுசாமி ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார். நீ போனை வைத்த பிறகு நடந்தது இது. அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பினோம். அத்தைதான் ஒரு மாதிரி உம்மென்று இருந்தார். "அவ ஒருத்திக்கிதான் நடிக்கத் தெரியுமா?" என்றார்.

நீ சொன்னபடி செய்தேன். வகுப்பில் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, 2002-இல் நடந்ததைச் சொன்னேன். பின் வரிசையில் மற்ற டீச்சர்களும் இருந்தார்கள். சொல்லி முடித்ததும் ஹரிணி எழுந்து, "மேடம், அப்ப நான் மட்டும் லூசு இல்லையா?" என்றாள். மொத்த வகுப்பும் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு அவள் கொஞ்சம் அழுதாள்.

அன்றே மறுபடி நடத்தினோம். கௌரம்மா "சளி" என்றாள். ஹரிணி போர்வையைத் தூக்கினாள். "ரத்தம் போவுது, ஹெல்ப்புக்கு வாங்க!" என்று அவள் கத்தியது வராந்தா வரைக்கும் கேட்டது. வயிற்றில் கை வைத்துக் கர்ப்பப்பையை அழுத்தித் தேய்த்தாள். ஒருத்தி சலைன் மாட்டினாள், ஒருத்தி ஊசி எடுத்தாள், ஒருத்தி கௌரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நாங்க இருக்கோம்மா" என்றாள். என் விரல் தானாகக் கம்ப்யூட்டரில் நாடியைச் சரியாக்கியது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

பாப்பம்மாவை உள்ளே அழைத்து, எழுதித் தராததை ஏன் சொன்னார் என்று கேட்டேன். "எனக்கே ரெண்டாவது புள்ளைக்கி அப்டித்தான் ஆச்சு மேடம். ரத்தம் போவறது தெரியாது. வலியும் இல்ல. குளிருதான், எலும்பு வரைக்கும் குளிரு" என்றார். பிறகு ஒரு மணி நேரம் பாப்பம்மாதான் வகுப்பு எடுத்தார். மயக்கம், எரிச்சல், மூச்சுத் திணறல் எல்லாவற்றுக்கும் வேப்பனப்பள்ளியில் ஒரு சொல், தளியில் ஒரு சொல். ஹரிணி போர்டு நிறைய எழுதினாள்.

உன் அண்ணனிடமும் சொல்லிவிட்டேன். "இத இருவத்திரெண்டு வருஷம் தூக்கிக்கினு திரிஞ்சியா?" என்று கேட்டுவிட்டு, எழுந்து போய் எனக்கு டீ போட்டுக்கொண்டு வந்தார். சர்க்கரை போட மறந்துவிட்டார். நான் சொல்லவில்லை, குடித்துவிட்டேன்.

பத்தாம் தேதிக்கு எங்கள் எல்லோருடைய ஆசீர்வாதமும்.

ரூபா

*

லீட்ஸ்
14 டிசம்பர் 2024

அண்ணி! அண்ணி! அண்ணி!

பாஸ்!

சரி, முறைப்படி எழுதுகிறேன். நான் மிக மிக நலம், நீங்கள் எல்லோரும் நலமா? போனில் கேட்டு நீங்கள் எல்லோரும் சேர்ந்து கத்தியதில் எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. எனவே விவரம் இதில்.

முதல் அறையில் பொம்மை. உள்ளே போனதும், "வணக்கம், என் பெயர் மேகலா, உங்களைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கிறேன்" என்று ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. தேர்வு நடத்தியவரே போதும் என்பதுபோல் பார்த்தார். இரண்டாவது அறையில் நடிக்க வந்தது ஒரு வயதான வெள்ளைக்கார அம்மாள். மூச்சு வாங்கிக்கொண்டே, "நான் சாகப் போகிறேனா?" என்று கேட்டார். நான் கையைப் பிடித்தேன். பிடித்த வேகத்தில், "ஐயோ, அப்டியெல்லாம் சொல்லாதீங்கம்மா" என்று தமிழில் வந்துவிட்டது! செத்தோம் என்று நினைத்து, உடனே ஆங்கிலத்தில் மறுபடி சொன்னேன். வெளியே வந்தபோது அந்த அம்மாள் என்னிடம், "நீ முதலில் சொன்னதே எனக்குப் புரிந்தது" என்றார்.

ஜனவரியிலிருந்து எனக்கும் நர்ஸின் நீலச் சீருடை. பாப்பம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கி வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு இரண்டு, இல்லாவிட்டால் வம்பு.

உங்கள் மேகலா

*

ஓசூர்
19 ஜனவரி 2025

அன்பு மேகலாவுக்கு,

பொங்கல் நல்லபடியாக முடிந்தது. சீருடையில் உன் படத்தைப் பிரிண்ட் போட்டு அத்தை பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறார். பால் எடுக்கும்போதெல்லாம் உன்னைத்தான் பார்க்கிறோம்.

இப்போது வாரம் இரண்டு வகுப்பு. பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, நோயாளியோடு வரும் சொந்தக்காரர்களைச் சமாளிக்கப் பழக்கலாம் என்று நினைத்தேன். ஊசி போடவிடாமல் தகராறு செய்யும் மாமியார் ஒருவர் வேண்டும். சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். அத்தை தட்டை வைத்துவிட்டு, "நான் வரேன்" என்றார்.

கல்யாணத்துக்குக் கட்டும் அரக்குப் பட்டு, தலை நிறையப் பூ. ஆஸ்பத்திரிக்கு யார் அத்தை இப்படி வருவார்கள் என்றால், "பேரன் பொறந்திருக்கான் இல்ல?" என்கிறார். அறைக்குள் போன பிறகு பார்க்க வேண்டுமே! கட்டிலை மறித்து நின்றுகொண்டார். "எவடி அவ, எம் மருமவ மேல கை வெக்கிறவ? நாங்கெல்லாம் ஊசி போட்டா பெத்தோம்?" மாணவிகள் இந்தப் பக்கம் வந்தால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம். முழங்கால் வலி எங்கே போனதென்றே தெரியவில்லை. கட்டிலில் கிடந்த கௌரம்மாவுக்காக மைக்கில் முனகிக்கொண்டிருந்த பாப்பம்மாவே சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஹரிணி சத்தம் போடவில்லை. அத்தையின் தோளைத் தொட்டு, "அம்மா, நீங்க பயந்திருக்கீங்கன்னு தெரியுது. இவங்க உங்களுக்கு யாரு, சொல்லுங்க" என்றாள்.

அந்த இடத்தில் அத்தை இன்னும் இரண்டு நிமிடம் சண்டை போட வேண்டும். அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஆனால் அத்தை பொம்மையைப் பார்த்தபடி நின்றார். முகம் மாறிவிட்டது. "எம் மருமவ. எம் பொண்ணு எங்கியோ தூரத்துல கீறா. நான் கூப்ட்டா வரதுக்கு இவ ஒருத்திதான் எனக்கு. இருவது வருஷமா ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்ல நான். நீங்க ஊசி போடுங்கம்மா, இன்னா வேணா பண்ணுங்க. இவள மட்டும் எனக்குக் குடுத்துடுங்க" என்றார்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். திரையில் ஒன்றும் தெரியவில்லை எனக்கு. பாப்பம்மாதான் மைக்கில், "நான் நல்லாயிட்டேன் அத்தே, அழாதீங்க" என்று சொல்லி வகுப்பை முடித்து வைத்தார்.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். ரொம்ப தூரம் அத்தை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "கடைசில கொஞ்சம் ஜாஸ்தியா போயிடுச்சோ? நடிப்புன்னா அப்டித்தான்" என்றார்.

"ஆமா அத்தை, அப்டித்தான்" என்றேன்.

"ஆங்" என்றார். பஸ் ஸ்டாண்டு வரும்வரை என் கையை விடவில்லை.

என்றும் உன்,
ரூபா